கத்தி தீட்டும் கம்பியை வீட்டில் அடிக்க முனைவோர் கவனத்திற்கு

கத்தி தீட்டுவதற்கான எஃகுக் கம்பியைத் தாமே உலையிலிட்டு அடித்துச் செய்ய விரும்புவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கம்பி சாணைக்கல்லின் வேலையைச் செய்வதில்லை என்பதாகும். சாணைக்கல் உலோகத்தைத் தேய்த்தெடுத்துப் புதிய விளிம்பை உண்டாக்குகிறது. கம்பியோ, பயன்பாட்டில் ஒரு பக்கமாக மடிந்துபோன மெல்லிய விளிம்பைப் பெரும்பாலும் நிமிர்த்த மட்டுமே செய்கிறது. நிமிர்த்தும் பொருள் நிமிர்த்தப்படும் பொருளைவிடக் கடினமாக இருக்க வேண்டும். சாதாரணச் சமையலறைக் கத்திகள், உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில், ஏறத்தாழ 54 முதல் 58 வரை இருக்கும் என்பதால், கம்பி 60ஐத் தாண்டியாக வேண்டும். நேரான, உருண்டையான, பார்வைக்கு அழகான கம்பி ஒன்றை அடித்துவிடுவது பெரிய காரியமில்லை. பட்டறைக்கு என்னிடம் கொண்டுவரப்படும் வீட்டுக் கம்பிகளில் பெரும்பாலானவை வடிவத்தில் குறையில்லாமலும் கடினத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்கின்றன.

அவற்றில் பல கட்டடக் கம்பியில் செய்தவை. எஃகு 60ஐ எட்டுவதற்குக் கார்பன் ஏறத்தாழ 0.6 விழுக்காடாவது இருக்க வேண்டும். கட்டடக் கம்பியில் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. அதை எத்தனை முறை சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் கத்திதான் கம்பியைச் செதுக்குமே தவிர, கம்பி கத்தியை நிமிர்த்தாது. தேய்ந்துபோன பழைய அரம் இதற்கு மிகப் பொருத்தமானது, ஏனெனில் நல்ல அரத்தில் கார்பன் 1 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆனால் மலிவான அரங்களில் சில, மென்மையான இரும்பின் மேல்தோலில் மட்டும் கார்பன் ஏற்றப்பட்டவை. பற்களைத் தேய்த்து நீக்கும்போது அந்தத் தோலும் போய்விடும். ஆகையால் அரத்தின் நுனியிலிருந்து ஒரு துண்டைத் துணியில் சுற்றி, கண்ணாடி அணிந்துகொண்டு, பிடிப்பானில் வைத்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் முழுவதும் ஒரே சீரான நுண்மணியாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஓரம் ஒரு நிறமும் நடு வேறு நிறமுமாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

துத்தநாகமோ வேறு உலோகமோ முலாமாகப் பூசிய எதையும் உலையில் வைக்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியசில் கொதித்து ஆவியாகும். உலையோ அதைவிடச் சூடானது. அந்த வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு வருவதால், அதை உலையோடு தொடர்புபடுத்தாமல் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி, மறுநாளும் அதே முலாம் பூசிய குழாயைக் காய்ச்சிய ஒருவரை நான் அறிவேன். கடையில் வாங்கிய பழைய தீட்டுக் கம்பியையே மீண்டும் அடிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அவற்றில் பலவற்றுக்குக் குரோமிய முலாம் உண்டு, அதன் புகையும் தூசியும் துத்தநாகத்தைவிடத் தீங்கானவை.

அரத்தைச் செஞ்சூட்டுக்குக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து, இரவு முழுவதும் மெதுவாக ஆறவிட்டால் அது அறுக்கவும் தேய்க்கவும் இணங்கும். அடிப்பதற்கு முன்பே பற்களை முழுவதுமாகத் தேய்த்துவிட வேண்டும். இல்லையேல் பற்கள் மடிந்து உள்ளே புதைந்து, பின்னர் அங்கிருந்தே விரிசல் தொடங்கும். ஆரஞ்சு நிறத்தில் அடித்து, மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு மீண்டும் காய்ச்ச வேண்டும். பொறி பறக்கும் வெண்சூட்டுக்குப் போன எஃகு வெந்துவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. வடிவம் வந்தபின், தோய்ப்பதற்கு முன், உப்புத்தாளால் நீளவாக்கில் மட்டும் தேய்த்து நுண்ணிய கோடுகளை உண்டாக்கிக்கொள்ளுங்கள். தோய்த்தபின் அது எளிதில் நடக்காது.

தோய்ப்பதற்கான சூட்டைக் கண்ணால் மட்டும் கணிப்பது பழகியவருக்கே தவறும், அதிலும் வெயிலில் நிறம் ஏமாற்றும். நிழலில் உலையை வைத்து, காந்தத்தால் தொட்டுப் பாருங்கள்: எஃகு 770 டிகிரியை ஒட்டிக் காந்தத்தை விட்டுவிடும்; அதற்குச் சற்று மேலே, 790 அல்லது 800 வரை சீராகக் கொண்டுபோய், சூடாக்கிய எண்ணெயில் செங்குத்தாக இறக்க வேண்டும். சாய்த்து இறக்கினால் கம்பி வளையும். எண்ணெய் 50 டிகிரிக்கு மேல் சற்றே சூடாக இருப்பது போதும். இரும்புப் பாத்திரத்தில், பொருந்தும் இரும்பு மூடியைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தீப்பிடித்தால் மூட வேண்டுமே ஒழிய நீர் ஊற்றக் கூடாது. வாகனத்தில் வடித்த பழைய எண்ணெயைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன் புகையில் உலோகக் கழிவுகள் கலந்திருக்கும் என்பதால் சமையல் எண்ணெயே மேல். மூடிய அறையில் கரி உலை எரிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

தோய்த்த கம்பி கண்ணாடி போன்றது. நான் முதன்முதலில் செய்த கம்பியைப் பதப்படுத்துவதை, அதாவது மிதமான சூட்டில் வாட்டி அதன் நொறுங்கும் தன்மையைக் குறைப்பதை, மறுநாளுக்குத் தள்ளிவைத்தேன். மேசையிலிருந்து உருண்டு விழுந்து அது மூன்று துண்டாயிற்று, ஒரு சில்லு புருவத்தைக் கீறியது. தோய்த்த அன்றே, 170 முதல் 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வீதம் இருமுறை வாட்ட வேண்டும். வீட்டு அடுப்பின் அளவுகோலை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். கைப்பிடிக்குள் போகும் வால்பகுதியை மட்டும், மற்றதை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டு, நீலநிறம் வரும்வரை தனியே சூடாக்கி இளக்கிவிட்டால், அழுத்தும் இடத்தில் ஒடியாது.

முடிந்த கம்பியின் மேல் புதிய அரம் ஒன்றை மெல்ல உரசுங்கள். அரம் பற்றாமல் வழுக்கினால் கடினம் வந்திருக்கிறது. அதன்பின்னும் 61, 62க்கு மேற்பட்ட கடினமான கத்திகளை இக்கம்பியில் தீட்டாதீர்கள், அவற்றின் விளிம்பு மடியாது, சில்லுச் சில்லாக உதிரும், அவற்றுக்குச் சாணைக்கல்தான்.