கரைக்கு வராத தொழிற்சாலை

சென்ற விடுமுறையில் பேசாலையில் உறவினர் வீட்டு முற்றத்தில் இருந்தபோது, வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்தும் வயது முதிர்ந்த சம்மாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, மன்னார்க் கடலுக்குள்ள காஸ் இருக்கெண்டு சொல்லுறாங்கள். அதைக் கடலிலேயே வைச்சுக் குளிராக்கிக் கப்பலில ஏத்திக்கொண்டு போகலாமாம். அப்ப எங்கட கரைக்கு என்ன வரும்?" நான் செட்டிகுளத்தில் பிறந்து, பதினான்கு ஆண்டுகளாகத் தென்கிழக்காசியக் கடல்களில் மிதக்கும் எரிவாயுக் கலங்களில் பாதுகாப்புப் பொறியியலாளராக வேலை செய்பவன். கேள்வியின் முற்பாதிக்கு முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். பிற்பாதிக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை.

முதலில் இரண்டு குழப்பங்களை விலக்கிவிட வேண்டும். நம் அடுப்படியில் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த பெற்றோலிய வாயு. 2021 இறுதியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தபோது பேசப்பட்டது அந்தக் கலவை விகிதத்தைப் பற்றியே. திரவ இயற்கை வாயு என்பது பெரும்பாலும் மெதேன். சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது; ஏறத்தாழ மறை 162 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்க வேண்டும், அப்போது அதன் கனவளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அடுத்தது, கெரவலப்பிட்டிக்கு அண்மையில் நிறுத்துவதாகப் பல ஆண்டுகளாகப் பேசப்படும் மிதவை, இறக்குமதியான திரவத்தை மீண்டும் வாயுவாக்கி மின்நிலையத்துக்குக் கொடுப்பதற்கானது. சம்மாட்டி கேட்டது அதற்கு நேர்மாறானது: கடலடிக் கிணற்றிலிருந்து வரும் வாயுவைச் சுத்திகரித்து, திரவமாக்கி, தன் வயிற்றிலேயே சேமித்து, வந்து அணையும் கப்பலுக்கு மாற்றிக் கொடுக்கும் முழுத் தொழிற்சாலை.

இத்தகைய தொழிற்சாலைகள் உலகில் இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. மலேசியாவின் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் முதற் கலம் 2016 இறுதியில் சரவாக் கடலில் உற்பத்தியைத் தொடங்கி, 2019இல் சபா கடலிலுள்ள வேறொரு வயலுக்கு இடம் மாறியது. மேற்கு அவுஸ்திரேலியாவின் புரூம் நகரிலிருந்து சுமார் 475 கிலோமீற்றர் தொலைவில் நிற்கும் ஷெல் நிறுவனத்தின் பிரிலூட் 488 மீற்றர் நீளமானது. ஆண்டுக்கு 36 இலட்சம் தொன் திரவ வாயுவுக்காக வடிவமைக்கப்பட்டது. கமரூன் கரைக்கு அப்பால் 2018இல் வேலையைத் தொடங்கிய ஹில்லி எபிசேயோ 1975இல் கட்டப்பட்ட பழைய வாயுக் கப்பல் ஒன்றைச் சிங்கப்பூரில் மாற்றியமைத்து உருவாக்கப்பட்டது.

இவற்றுள் நம்மவர் ஊன்றிப் பார்க்க வேண்டியது மொசாம்பிக்கின் கோரல் சுல். அந்த நாட்டின் வடக்கில் கரையோரத்தில் அமைக்கத் தொடங்கிய மாபெரும் திரவமாக்கல் நிலையம், 2021 மார்ச்சில் பல்மா நகர் ஆயுதக் குழுவினரால் தாக்கப்பட்ட பின்னர் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. அதே வடிநிலத்தில், அதாவது வாயு தேங்கியிருக்கும் அதே கடலடிப் படுகையில், தென்கொரியாவில் கட்டி இழுத்துவரப்பட்ட கோரல் சுல் கலமோ சுமார் 2,000 மீற்றர் ஆழக் கடலின் மேல் நின்று 2022 நவம்பரில் தன் முதற் சரக்கை அனுப்பிவிட்டது. முதலீட்டாளரின் கண்ணுக்கு இது மிதவைத் தொழிற்சாலையின் மிகப் பெரிய வெற்றி: காணி வேண்டாம், குடியெழுப்பல் வேண்டாம், நிலத்தில் நடப்பது எதுவும் தடையில்லை. காணி விடுவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் கொட்டகை போட்டு இருந்த வன்னி மக்களுக்கு, காணி கேட்காத தொழிற்சாலை என்பது முதற்பார்வையில் நல்ல சேதிதான். ஆனால் நிலத்தைத் தேவைப்படாத தொழில், அந்த நிலத்தில் வாழ்பவனின் சம்மதத்தையும் அவ்வளவாகத் தேடுவதில்லை என்பதை நான் வேலைசெய்த இடங்களில் கண்டிருக்கிறேன்.

தொழில்நுட்பச் சிக்கல்களின் வேர் ஒன்றுதான்: நிலத்தில் அசையாமல் நிற்கும் என்று கருதி உருவாக்கப்பட்ட இயந்திரங்கள் இங்கே அசைகின்றன. வாயுவிலுள்ள கரியமில வாயுவை அகற்றாவிட்டால் அது குளிரில் உறைந்து குழாய்களை அடைத்துவிடும். ஆகவே உயரமான கோபுரத்தில் மேலிருந்து, கரியமில வாயுவை உறிஞ்சும் அமீன் கரைசலை வழியவிட்டு, கீழிருந்து வாயுவை ஏற்றுகிறோம். கலம் ஒரு பாகை சாய்ந்து நின்றாலே கரைசல் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கத்தால் வாயு கழுவப்படாமல் ஏறிவிடுகிறது. ஓடும் வள்ளத்தில் நின்று தேத்தண்ணி வடித்தவருக்கு இது விளங்கும். அதுபோலவே, பாதி நிரம்பிய தொட்டிக்குள் திரவம் அலைமோதிச் சுவரை அறையும். அதனால் தொட்டிகளின் வடிவமும் உறையும் நிலத்தொட்டிகளைப் போல் இருக்க முடியாது.

எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கும் வேலை, சரக்குக் கப்பலைப் பக்கத்தோடு பக்கமாக அணைத்துத் திரவத்தை மாற்றுவது. ஒருமுறை இரவுப் பணியில், இணைப்புக் கை ஒன்றின் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவம் கசிவதை இளைய பணியாளர் ஒருவர் கண்டார். கீழே துருப்பிடிக்காத உருக்குத் தட்டும், கப்பற் பக்கத்தில் நீர்த்திரையும் இருந்தன. அவை இல்லாவிட்டால் சாதாரண உருக்குத் தளம் அந்தக் குளிரில் கண்ணாடிபோல் வெடித்திருக்கும். நாங்கள் ஏற்றுவதை நிறுத்தி, விளிம்பை இறுக்கி, அறிக்கை எழுதியபோது, மேலதிகாரி ஒருவர் கேட்ட முதற் கேள்வி எத்தனை மணித்தியாலம் தாமதம் என்பதே. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை: கடல் கொந்தளித்துக் கப்பல் அணைய முடியாத நாட்களில் எங்கள் தொட்டிகள் நிரம்பி, உற்பத்தியைக் குறைக்க வேண்டி வரும். அதனால் கடல் அமைதியான ஒவ்வொரு மணித்தியாலமும் காசு. அவசரம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

பழுது என்று வந்துவிட்டால் கலத்துக்கு அயலவர் இல்லை. பிரிலூட் 2020 பெப்ரவரியில் மின்சாரக் கோளாறுகளால் நின்று மீண்டும் சரக்கு அனுப்ப ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது; 2021 டிசம்பரில் ஒரு தீச்சம்பவத்தைத் தொடர்ந்து கலம் முழுதும் மின்சாரத்தை இழக்க, ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை நிறைவுசெய்து மறுபடி இயங்கியது 2022 ஏப்ரலில். அவ்வளவு பணமும் அவ்வளவு கண்டிப்பான மேற்பார்வையும் உள்ள நாட்டிலேயே நிலைமை இது.

இனி மன்னாருக்கு வருவோம். பேசாலையில் 1970களிலேயே சோவியத் உதவியுடன் கிணறுகள் துளைக்கப்பட்டதை அந்தச் சம்மாட்டியே நேரில் கண்டவர். அவற்றில் வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை. 2011இல் டொராடோ, பரகுடா என்ற இரு கிணறுகளில் வாயு கண்டறியப்பட்டது, ஆனால் அவை பேசாலைக்கு அருகில் அல்ல, தெற்கே மன்னார் வடிநிலத்தில் 1,300 மீற்றருக்கும் கூடிய ஆழக் கடலில். கண்டுபிடித்த நிறுவனம் 2015இல் வெளியேறியது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன் வீதம் இருபது ஆண்டுகள் ஒரு மிதவைத் தொழிற்சாலையை ஓட்ட, ஏறத்தாழ ஒரு டிரில்லியன் கன அடி எடுக்கக்கூடிய வாயு தேவை. அந்த அளவு உறுதிப்படாமல் யாராவது கப்பலின் படத்தைக் காட்டினால், முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள். அதைவிட, திரவமாக்கும் வேலையே உள்ளே வரும் வாயுவில் பத்தில் ஒரு பங்கு அளவை எரித்துத் தீர்க்கும். எண்ணெயையும் நிலக்கரியையும் இறக்குமதி செய்து மின்சாரம் எடுக்கும் நாடு, சிறிய வயல் ஒன்றின் வாயுவைக் குழாய்வழி கரைக்குக் கொண்டுவந்து மின்நிலையத்தில் எரிப்பதா, குளிராக்கி விற்பதா என்று கேட்டால், என் சொந்தக் கருத்து முன்னையதே.

கடற்றொழிலாளருக்குச் சில விடயங்கள். இத்தகைய அமைப்பைச் சுற்றி 500 மீற்றர் பாதுகாப்பு வலயம் வைக்கச் சர்வதேசக் கடற்சட்டம் இடமளிக்கிறது. கலத்தில் மிகை வாயுவை எரிக்கும் எரிசுடரின் வெளிச்சத்துக்கு மீன் கூடும் என்று அதற்குள் வலை விட முடியாது. நம் சமையல் வாயுவுக்கு மணம் சேர்க்கப்படுகிறது, இந்தத் திரவத்துக்கு மணமே இல்லை. கசிந்தால் தெரியும் வெண்புகை, காற்றிலுள்ள ஈரம் உறைந்த மூட்டம். குளிராக இருக்கும்வரை அது காற்றைவிடப் பாரமாகி நீர்ப்பரப்போடு தவழும். கண்ணுக்குத் தெரியும் மூட்டத்துக்கு வெளியிலும் தீப்பற்றும் வாயு இருக்கலாம், ஆகையால் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு அதற்குள் போகாமல், காற்று வரும் பக்கமாக, சோளகத்தில் தென்மேற்கு நோக்கி, விலக வேண்டும். ஆழ்கடலில் வெடித்தால் பேசாலைக்கு வராது. பக்கத்தில் நிற்கும் வள்ளத்துக்கு வரும்.

கரைக்கு என்ன வரும் என்பதற்கு என் பதில்: கலத்தில் ஒரு முறைக்கு நூறு, இருநூறு பேர்தான் இருப்பார்கள், அவர்களில் மன்னாரில் பிறந்தவர் எவரும் இல்லாமலேயே அது ஓடும். உரிமைப்பங்கு கொழும்புத் திறைசேரிக்குப் போகும். மாவட்டத்துக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால் மட்டுமே வரும். வயல் வற்றியதும் நங்கூரத்தை அவிழ்த்துக்கொண்டு கலம் வேறு நாட்டுக்குப் போய்விடும். கிணறுகளைச் சீமெந்தால் அடைப்பதற்கான பணத்தை முதல் நாளே வங்கி உத்தரவாதமாகக் கட்டச்சொல்லிக் கேட்க வேண்டும் என்று சம்மாட்டிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்தப் பத்திரம் யாருடைய பெயரில் இருக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.