கருத்தடைக்குப் பிறகு முயல்கள் ஏன் சண்டையிடுகின்றன?

நேற்றுவரை ஒட்டிப் படுத்திருந்த இரண்டு முயல்கள். ஒன்றுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை முடித்து மாலையில் கூண்டில் விட்டதும், மற்றது பாய்ந்து கடிக்கிறது. வளர்ப்பவர்கள் பதறிப்போகிறார்கள். கடித்த முயலைப் பொறுத்தவரை உள்ளே வந்திருப்பது மருந்து வாடை அடிக்கும் ஓர் அந்நியன்.

முயலுக்கு ஆள் அடையாளம் சொல்வது பெரும்பாலும் மூக்குதான். தாடைக்கு அடியிலும், ஆசனவாயருகிலும், தொடையிடுக்கிலும் அதற்கு வாடைச் சுரப்பிகள் உண்டு. மேசைக்கால், தீவனத் தட்டு, உங்கள் செருப்பு என்று கண்டதிலெல்லாம் அது தாடையைத் தேய்ப்பது ‘இது என் இடம்’ என்று சொல்லத்தான். 1960களில் ஆஸ்திரேலியாவில் முயல் கூட்டங்களை ஆராய்ந்த மைகிட்டோவிச், கூட்டத்தை அடக்கி ஆளும் ஆணுக்குத் தாடைச் சுரப்பி பெரிதாக இருப்பதையும், அதுவே அதிகம் தேய்ப்பதையும் கண்டார். அத்தகைய ஆண்களின் சுரப்பில் 2-ஃபீனாக்சிஎத்தனால் இருப்பது பிற்பாடு தெரியவந்தது. வாசனைத் திரவியங்களில் மணம் சீக்கிரம் பறந்துவிடாதபடி சேர்க்கும் அதே பொருள்! முயலின் உடல் அதைத் தானே தயாரித்துக்கொள்வது எனக்கு இன்றும் வியப்பு.

இந்தச் சுரப்பியை வளர்த்துவிடுவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். விரைகளை எடுத்ததும் ரத்தத்தில் அதன் அளவு வேகமாகச் சரிந்துவிடும். ஆனால் சுரப்பி சுருங்கவும், விரட்டும் குணம் தணியவும் வாரக்கணக்கில் ஆகும். பொதுவாக 4 முதல் 8 வாரம். விந்துக்குழாயில் தங்கிய விந்தணுக்களால் 4 முதல் 6 வாரம் வரை அந்த ஆண், பெண் முயலைச் சினையாக்கவும் கூடும். இணைசேர்ந்தால்தான் பெண் முயலுக்கு முட்டையே வெளிப்படும் என்பதால் ஒருமுறை சேர்ந்தாலே போதும், சுமார் 31 நாளில் குட்டிகள்.

ஆகவே இந்த வாரங்களில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வையுங்கள். மூக்கு நீட்டி மோப்பம் பிடிக்கலாம், பல் மட்டும் எட்டக்கூடாது. தினமும் விரிப்பையும் கொஞ்சம் புழுக்கையையும் கூண்டு மாற்றிப் போடுங்கள். எதிராளியின் வாடை மெல்ல மெல்லப் பழகிய வாடையாகும்.

நேரில் சேர்ப்பதற்கு, இரண்டுமே இதுவரை தாடை தேய்க்காத இடம் வேண்டும்: புழங்காத அறை, வினிகர் கலந்த நீரால் துடைத்த தரை. முதலில் பத்து நிமிடம் போதும். ஒன்று மற்றதன்மேல் ஏறும். காமம் என்று நினைத்து உடனே விலக்காதீர்கள். யார் பெரியவர் என்று அவை முடிவுசெய்கின்றன, பெண் முயலும் ஏறும். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிடுங்கள், கீழே இருப்பது பிறப்புறுப்பைக் கடித்துவிடும். காது பின்னால் படிந்து, வால் விறைத்து, இரண்டும் வட்டமாகச் சுழன்றால் தடித்த துண்டைப் போட்டுப் பிரியுங்கள். வெறுங்கையை நுழைக்க வேண்டாம்.

இரண்டையும் காரில் ஏற்றிப் பயமுறுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவை அப்போது ஒடுங்குவது நட்பால் அல்ல, அச்சத்தால். கடும் அச்சத்தில் முயலின் குடல் இயக்கமே நின்றுபோகலாம். அரை நாள் தீனி தொடாத முயலைத் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒன்று தலையைத் தாழ்த்த மற்றது அதன் நெற்றியை நக்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரே தட்டில் தின்று, பக்கத்தில் படுத்து, முழு நாள் சண்டையின்றிக் கழிந்தபின் கழுவிய கூண்டுக்கு ஒன்றாக மாற்றுங்கள். அடுத்த முறை ஒன்றுக்கு மட்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். திரும்பும்போது இரண்டின் மேலும் ஒரே வாடை இருக்கும்.