உயரம் தாண்டும் பிள்ளைகளின் குதிகால்: பெற்றோர் கவனத்துக்கு

2009 ஆகஸ்ட் கடைசி நாளில், ஸாக்ரெப் நகரில், குரோவேஷியாவின் பிளாங்கா விளாசிச் 2.08 மீட்டர் உயரம் தாண்டினார். 1987இல் ஸ்டெஃப்கா கோஸ்டடினோவா படைத்த உலகச் சாதனையை எட்ட ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் பாக்கி. வயது 25; இரண்டு உலகப் பட்டங்கள் கையில். அந்தச் சென்டிமீட்டரை அவர் கடைசிவரை தாண்டவில்லை. குதிகால் நாண் படுத்திய பாட்டில் 2012 தொடக்கத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். லண்டன் ஒலிம்பிக் கைநழுவியது. அதன் பிறகும் 2016இல் ரியோவில் 1.97 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். 2021இல் ஓய்வை அறிவித்தார்.

சிங்கப்பூரில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் நான் அவர் கதையை அடிக்கடி சொல்வது, தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பெற்றோரிடம்.

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தடித்த நாணைத்தான் அக்கிலிஸ் நாண் என்கிறோம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் டிக் ஃபாஸ்பரி பிரபலமாக்கிய தாண்டும் முறையில், கடைசிச் சில அடிகளை வளைவாக ஓடி ஒற்றைக் காலை ஊன்றி எழும்ப வேண்டும். உடல் எடையைப்போல் பல மடங்கு விசை அந்த ஒரு காலில் இறங்கும். ஒவ்வொரு தாவலிலும் அதே கால்தான். தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். நாணுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். போட்டி நெருங்குகிறது என்று தாவல்களைத் திடீரெனக் கூட்டினால் நாண்தான் முதலில் அடிவாங்கும்.

அண்மையில் உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருத்தி தாயுடன் வந்தாள். “காலையில் நொண்டுகிறாள் சார். கோடாலித் தைலம் தேய்த்தால் சரியாகிவிடுகிறது” என்றார் அம்மா. “ஓட ஆரம்பித்தால் வலியே தெரியாது” என்றாள் மகள். இரண்டு நாண்களையும் விரலிடையில் பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் தடித்திருந்தது, அழுத்தியதும் முகம் சுளித்தாள். வலக்கால் நுனியில் தயங்காமல் எழுந்து இறங்கியவள், இடக்காலில் பத்தை எட்டுமுன்பே நடுங்கினாள். அவள் ஊன்றித் தாவும் கால் அதுதான்.

உடல் சூடானதும் வலி மறைவதுதான் இதில் ஏமாற்று வேலை. நாண் ஆறிவிட்டதாக நினைத்துப் பிள்ளை தாவுகிறது. மறுநாள் காலை விறைப்பு கூடுகிறது. பயிற்சி அளவு சரியா என்று அறிய, மறுநாள் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளைக் கவனியுங்கள். முந்தைய நாளைவிட வலி கூடியிருந்தால் தாவல்களைக் குறைக்க வேண்டும்.

முழு ஓய்வும் மருந்தாகாது. சும்மா கிடக்கும் நாண் மேலும் தளரும். குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கும் பயிற்சியை, எடையைப் படிப்படியாகக் கூட்டி, ஏறக்குறைய 12 வாரங்கள் செய்ய வேண்டியிருக்கும். “அதற்குள் போட்டி முடிந்துவிடுமே” என்று பெற்றோர் கேட்பார்கள். நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்குப் பதக்கம் உதவும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பருவத்தை விட்டுக்கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் குதிகாலின் பின்புறம் வலித்தால், பெரும்பாலும் அது வளரும் எலும்பின் வலி, சிகிச்சையும் வேறு. சிப்ரோஃப்ளோக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நாணைப் பாதிக்கலாம் என்பதால், அவற்றை எழுதித்தரும் மருத்துவரிடம் விளையாடும் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.

வார இறுதியில் பூப்பந்து ஆடும் அப்பாக்களுக்கும் ஒன்று. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்து, திரும்பிப் பார்த்தால் எவருமில்லை, அந்தக் கால் நுனியில் நிற்கவும் முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். நடக்க முடிகிறதே என்று மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.