ஆறாவது பிளாஸ்க்: பாராட்டை மூளை எப்படிக் கணக்குப் பார்க்கிறது

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் என் அக்கா வேலை செய்கிறார். அவர் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஆறு பிளாஸ்குகள் வரிசையாக நிற்கின்றன. ஆறும் நிறுவனம் அன்பளிப்பாகக் கொடுத்தவை, ஆறிலும் அதன் சின்னம் அச்சிடப்பட்டிருக்கிறது. முதல் பிளாஸ்க் கிடைத்த மறுநாளே அதில் கோப்பி ஊற்றி வேலைக்கு எடுத்துச் சென்றவர், ஆறாவதை இன்னும் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை. ஆறும் ஒரே தரம்தான், விலையிலும் பெரிய வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. அப்படியிருக்க, முதலாவது மகிழ்ச்சியைத் தந்ததும் ஆறாவது தூசி படிந்து கிடப்பதும் ஏன் என்ற கேள்விக்கு நரம்பியலிலும் பொருளியலிலும் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது.

பொருளியலில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் அங்கேயும் ஒரு பிளாஸ்க்தான் கதாநாயகன். 2012ஆம் ஆண்டு குபே, மரேஷால், புப்பே என்ற மூன்று பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மனியின் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகங்களைப் பட்டியலிடுவதற்கு மாணவர்கள் சில மணி நேர வேலைக்கு அமர்த்தப்பட்டனர். வேலை தொடங்கும் நேரத்தில், ஒரு பகுதியினருக்கு எதிர்பாராத விதமாக 7 யூரோ கூடுதலாகத் தரப்பட்டது. இன்னொரு பகுதியினருக்கு அதே விலையுள்ள பிளாஸ்க் ஒன்று அழகாகச் சுற்றி அன்பளிப்பாகத் தரப்பட்டது. பணம் பெற்றவர்களின் வேலை வேகம், எதுவும் பெறாதவர்களுடையதைவிடக் குறிப்பிடும்படி உயரவில்லை. பிளாஸ்க் பெற்றவர்களின் வேகமோ ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்ந்தது. விலை தெரியாததால் பிளாஸ்கை உயர்வாக மதிப்பிட்டுவிட்டார்களோ என்று ஐயுற்று, விலையைச் சொல்லியே கொடுத்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை.

இதைப் படித்துவிட்டு மொத்தமாக பிளாஸ்க் வாங்கக் கிளம்பும் மனிதவளத் துறையினர், அந்த மாணவர்களுக்கு அது முதல் பிளாஸ்க் என்பதை மறந்துவிடுகிறார்கள். மூளைக்கு அதுதான் முக்கியம்.

சுவிட்சர்லாந்தின் பிரிபூர்க் பல்கலைக்கழகத்தில் நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவுசெய்து வந்தார். எதிர்பாராத நேரத்தில் குரங்கின் வாயில் ஒரு துளி பழச்சாறு விழுந்தால் அந்த அணுக்கள் படபடவெனத் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கு எரிந்தால், சில நாட்களில் குரங்கு அதைக் கற்றுக்கொண்டது. பிறகு அணுக்கள் விளக்கைக் கண்டபோதே துடித்தன, சாறு வந்தபோது சும்மா இருந்தன. மூன்றாவது நிலைதான் நம் பேச்சுக்கு மிக வேண்டியது: விளக்கு எரிந்து, சாறு வர வேண்டிய நேரத்தில் வராமல் போனால், சரியாக அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கமான அளவையும்விடக் கீழே இறங்கியது. பீட்டர் டயான், ரீட் மொண்டேகு ஆகியோருடன் சேர்ந்து 1997இல் ஷுல்ட்ஸ் வெளியிட்ட கட்டுரை இதற்குக் கணித வடிவம் தந்தது. இந்தத் துடிப்பு கிடைத்ததன் அளவைச் சொல்வதில்லை. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்ற பட்டம் டோபமைனுக்குப் பொருந்தாது என்பதற்கும் இதுவே காரணம். அது ஒரு கணக்குப்பிள்ளை, வரவைவிட வித்தியாசத்தைத்தான் குறித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தால் பல புதிர்கள் அவிழ்கின்றன. மாதம் முழுவதும் விடுப்போ தாமதமோ இல்லாமல் வருபவருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் தரும் வழக்கம் இங்கே பல தொழிற்சாலைகளில் உண்டு. அது கிடைக்கும் மாதத்தில் மகிழ்ச்சியாக இருக்குமா என்று அக்காவிடம் கேட்டேன். "அது சம்பளத்தோட சேர்ந்ததுதானே தம்பி, எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்து அது போனாத்தான் மனசு வலிக்கும்" என்றார். ஷுல்ட்ஸின் மூன்றாவது நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆண்டு போனசும் இப்படித்தான்: இரண்டு மாதச் சம்பளம் வருமென்று பேச்சு கிளம்பும் நாளிலேயே மூளை அதை வரவு வைத்துவிடுகிறது, ஒன்றரை மாதம் வந்தால் அது கூடுதல் வருமானமாகத் தெரியாமல் இழப்பாகத் தெரிகிறது. நம் மலேசிய வருமான வரி விதிகள் விருதைச் சம்பளத்திலிருந்து பிரித்துத்தான் பார்க்கின்றன. சிறந்த சேவை, புத்தாக்கம், உற்பத்தித்திறன் ஆகியவற்றுக்கான விருதுகளுக்கும், ஒரே முதலாளியிடம் 10 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவருக்கான நீண்டகாலச் சேவை விருதுக்கும் ஆண்டுக்கு 2,000 ரிங்கிட் வரை வரி விலக்கு உண்டு. வரி அலுவலகம் காட்டும் இந்தப் பாகுபாட்டை மூளை காட்டுவதில்லை. தவறாமல் வரும் எதுவும் அதற்குச் சம்பளமே.

வாய்ச்சொல்லாகிய பாராட்டும் இதே கணக்கில்தான் சேருமா? சேரும் என்றே தோன்றுகிறது. ஜப்பானில் இசுமா, சைட்டோ, சடட்டோ ஆகியோர் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், பணம் வென்றபோதும், தம்மைப் பற்றிப் பிறர் நல்லவிதமாகச் சொன்னதைக் கண்டபோதும், பங்கேற்றவர்களின் மூளையில் ஸ்ட்ரையாட்டம் என்ற ஒரே பகுதி கிளர்ந்தது ஸ்கேனில் தெரிந்தது. நற்பெயரும் பணமும் மூளைக்குள் ஒரே காசாளரிடம் செல்கின்றன என்று கொள்ளலாம். ஆனால் பணத்துக்கு இல்லாத ஒரு சுமை பாராட்டுக்கு உண்டு: எதற்காக என்று அது சொல்லியாக வேண்டும். டோபமைன் சமிக்ஞை, சற்றுமுன் செய்த செயலோடு பலனை முடிச்சுப் போடுவதற்கே ஏற்பட்டது. இடைவெளி நீளநீள முடிச்சு தளர்கிறது. பழைய தனிப்பாடல் ஒன்று, நண்பனை அவன் இல்லாத இடத்தில் புகழச் சொல்லி, வேலையாளை மட்டும் வேலை முடிந்த கையோடு புகழச் சொல்வதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் செய்த நல்ல வேலைக்கு டிசம்பர் ஆண்டு விருந்தில் கண்ணாடிக் கேடயம் கொடுத்தால், அந்த முடிச்சை மூளை தானாகப் போட்டுக்கொள்ளாது, மொழிதான் போட வேண்டும். 'சிறந்த ஊழியர்' என்ற பொதுச்சொல்லுக்கு அந்த வலு கிடையாது.

இதை அக்காவின் லைனிலேயே காணலாம். காலை ஏழு மணி ஷிப்டுக்குப் பத்து நிமிடம் முன்பாக எல்லாரும் நின்றபடியே ஒரு சின்னக் கூட்டம் நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன், முதல் நாள் மாலை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, ஒரு ட்ரேயில் இரண்டு ஐ.சி. சில்லுகளின் கால்கள் ஒரே பக்கமாக வளைந்திருப்பதைக் கவனித்து, அவற்றை ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த ட்ரேக்குப் போகாமல், லாட் (ஒரே தொகுதியாக வரும் சரக்கு) முழுவதையும் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். பொறுக்கி வைக்கும் இயந்திரத்தின் பிடி நகர்ந்திருந்தது என்பது இரவில் தெரிந்தது. மறுநாள் காலை சூப்பர்வைசர் அந்த ட்ரேயைக் கையில் கொண்டுவந்து, "இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருக்கிறது என்பதைக் கவனித்ததால்தான் இயந்திரத்தைச் சந்தேகிக்க முடிந்தது" என்று அக்காவின் பெயரைச் சொல்லி விளக்கினார். அவ்வளவுதான், பரிசு எதுவும் இல்லை. அந்த லாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை அக்கா இன்றும் சொல்வார், அந்த ஆண்டு போனஸ் எவ்வளவு என்று கேட்டால் யோசிப்பார். ஆண்டு விருந்துகளிலோ, சிறந்த ஊழியரை மேடைக்கு அழைக்கும்போது கேட்கும் கைதட்டலைவிட லக்கி டிராவில் தொலைக்காட்சி விழும்போது எழும் கூச்சல்தான் பெரிது. அது இயல்பே, ஆனால் குலுக்கலில் விழுந்த தொலைக்காட்சி எந்த வேலையையும் பற்றி எதையும் சொல்வதில்லை.

பரிசு சொல்லும் செய்தி தவறாகவும் போகலாம் என்பதை உளவியலாளர்கள் 1970களிலேயே கண்டார்கள். 1973இல் வெளியான ஆய்வில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர், வண்ணப் பேனாவால் வரைவதை விரும்பும் பாலர்பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் பொன்முத்திரையும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவுமே இல்லை. அடுத்த சில வாரங்களில் பரிசு இல்லாத நேரத்தில் கவனித்தபோது, முன்கூட்டியே வாக்குப் பெற்ற குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். சொல்லாமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் சற்றும் குறையவில்லை. 'இதைச் செய்தால் அது' என்ற பேரம், விருப்பத்தைக் கூலியாக மாற்றிவிட்டது. 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் ஆகியோர் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், முன்னறிவித்த பொருட்பரிசுகள் உள்ளார்ந்த ஆர்வத்தைக் குறைத்ததும், திறமையை எடுத்துச்சொல்லும் வாய்மொழிப் பாராட்டு அதைக் கூட்டியதும் புலப்பட்டன. இதை வைத்துக்கொண்டு 'காசு வேண்டாம், கைதட்டல் போதும்' என்று பேசும் முதலாளிகளை நான் நம்புவதில்லை. இந்த ஆய்வுகள் ஏற்கெனவே விருப்பமான வேலையைப் பற்றியவை. சலிப்பூட்டும் வேலையில் அழிவதற்கு ஆர்வமே இருப்பதில்லை, அங்கே பேச வேண்டியது நியாயமான ஊதியம்.

சலிப்பான வேலையிலும் பரிசு பிசகலாம் என்பதற்கு அமெரிக்கச் சலவை ஆலை ஒன்று சான்று. ஒரே நிறுவனத்தின் ஐந்து ஆலைகளில் ஒன்றின் மேலாளர், தாமதமின்றி வருபவர்களுக்கான பரிசுக் குலுக்கலைத் தொடங்கினார். அதன் பதிவுகளை குப்ளர், லார்கின், பியர்ஸ் ஆகியோர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். தாமதமாகிவிடும் என்று தெரிந்தவர்கள், தகுதியை இழக்காமலிருக்க உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள், இங்கே எம்.சி. எடுப்பதற்குச் சமம். முன்பே பரிசு எதுவும் இல்லாமல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் வேலை வேகம் பரிசுக்குப் பிறகு குறைந்தது. ஆலையின் மொத்த உற்பத்தித்திறன் 1.4 விழுக்காடு சரிந்தது. 'நீங்கள் இத்தனை நாள் நேரத்துக்கு வந்ததை யாரும் கவனிக்கவில்லை, இன்றுமுதல்தான் அதற்கு மதிப்பு' என்று அந்தப் பரிசு அவர்களிடம் சொல்லிவிட்டது போலும்.

பரிசு கிடைக்காதவர்கள் என்ன ஆகிறார்கள் என்பது பலரும் கேட்கத் தவறும் கேள்வி. பிராட்லரும் உடன் ஆய்வாளர்களும், தரவுப் பதிவுக்காக அமர்த்தப்பட்ட 300க்கு மேற்பட்டோரைச் சிறு குழுக்களாக்கி, சிலவற்றில் எல்லாருக்கும், சிலவற்றில் மிக நன்றாகச் செய்தவர்களுக்கு மட்டும் நன்றி அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். சிறந்தவர்களுக்கு மட்டும் கொடுத்த குழுக்களில்தான் வேலை அதிகம் உயர்ந்தது, அந்த உயர்வும் பெரும்பாலும் அட்டை பெறாதவர்களிடமிருந்தே வந்தது. எது நல்ல வேலை என்ற தகவல் அவர்களுக்கு அப்போதுதான் கிடைத்திருக்க வேண்டும். இந்தத் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மனத்தாங்கல் வராமலிருக்க ஆண்டு விருதை முறைவைத்துச் சுற்றிவிடும் அலுவலகங்களை நாம் அறிவோம். அங்கே விருது சொல்வதெல்லாம் இந்த ஆண்டு யாருடைய முறை என்பதை மட்டுமே.

ஜெர்மன் நூலகத்துக்குத் திரும்பினால், இன்னும் இரண்டு குழுக்களின் கதை மிச்சமிருக்கிறது. ஒரு குழுவுக்குப் பணத்தை அப்படியே நீட்டாமல், காகித மடிப்புக் கலைப்படி நோட்டை அழகாக மடித்துக் கொடுத்தார்கள். பிளாஸ்குக்கு இணையாக அதுவும் வேலை செய்தது. யாரோ உட்கார்ந்து மடித்திருக்கிறார்கள் என்ற செய்தி அந்த நோட்டில் இருந்தது. இன்னொரு குழுவிடம் பிளாஸ்க் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் பணத்தையே எடுத்துக்கொண்டார்கள்; எடுத்துக்கொண்டு, பிளாஸ்க் பெற்றவர்கள் அளவுக்கு வேலையும் செய்தார்கள். இதே கேள்வியை அக்காவிடமும் போட்டுப் பார்த்தேன். அலமாரியின் மேல்தட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "காசுதான் தம்பி, அதுல என்ன சந்தேகம். ஆனா இத்தனை வருஷத்துல யாரு கேட்டா?"