‘ஆதரவு வாபஸ்’: கெர்னலுக்குப் பொருந்தாத சொல்

பழைய சர்வர் ஒன்றில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் புதுப் பதிப்பை மூலநிரலிலிருந்து கட்ட உட்கார்ந்து ‘மேக்’ என்ற கட்டளையை அடித்தால், ஒரு ஃபைல்கூடக் கம்பைல் ஆவதற்கு முன்பே வேலை நின்றுவிடும். சி கம்பைலர் (சி மொழியில் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) ரொம்பப் பழையது என்று ஒரு வரி வரும். அதன் கீழே உங்களிடம் இருக்கும் ஜிசிசி என்னும் கம்பைலரின் பதிப்பு, குறைந்தது வேண்டிய பதிப்பு என இரண்டு எண்கள்.

ஆபீசில் இதைக் ‘கெர்னல் பழைய கம்பைலருக்கு சப்போர்ட்டை ட்ராப் பண்ணிட்டாங்க’ என்போம். தமிழில் எழுதப்போனால் ‘ஆதரவை விலக்கிக்கொண்டது’ என்று வந்து விழுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் ஆளுநரிடம் கடிதம் கொடுத்துவிட்டு வெளியே வரும் கட்சித் தலைவர்தான் எனக்குத் தெரிகிறார்.

சப்போர்ட் லத்தீனிலிருந்து வந்த சொல். ‘சப்’ என்றால் கீழே, ‘போர்த்தாரே’ என்றால் சுமப்பது. ரயில் நிலையத்துப் போர்ட்டரும் அதே வேரில் பிறந்தவர்தான். ‘ஆதரவு’ வேறு குடும்பம்: அன்பு, மதிப்பு என்று பொருள்படும் வடமொழி ‘ஆதரம்’ அதன் மூலம். ஆதரவற்றோர் இல்லம் என்னும்போது அந்தப் பொருள் சரியாக உட்காருகிறது. கீழிருந்து சுமப்பதற்குத் தமிழில் நேரான சொல் ‘தாங்கு’. தலைச்சுமையை இறக்கி வைக்க ஊர்ப் பாதைகளில் நட்ட கல்லுக்குச் சுமைதாங்கி என்றுதானே பெயர்?

கெர்னல் சுமந்ததும் பாரம்தான். ‘ஜிசிசி பதிப்பு இந்த எண்ணுக்குக் கீழே என்றால் இப்படி, மேலே என்றால் அப்படி’ என்று மூலநிரலில் ஆங்காங்கே எழுதி வைக்க வேண்டும். 2002-இல் வந்த ஜிசிசி 3.2-ஐ 2018 வரை இப்படித்தான் தாங்கினார்கள். அந்த ஆண்டு வந்த கெர்னல் 4.19-இல், வேண்டிய குறைந்தபட்ச ஜிசிசி பதிப்பு என்ற வரம்பு 4.6 ஆனதும், அத்தகைய சோதனை வரிகள் பல ஒரே வீச்சில் போயின.

சில சமயம் பாரம் ஆபத்தாகவும் இருக்கும். ஆர்ம் 64-பிட் செயலிகளில் (ப்ராசசர்களில்) ஜிசிசி 4.9 முதல் 5.1-க்கு முன்பு வரையிலான பதிப்புகள், ஸ்டாக் என்னும் தற்காலிக நினைவகப் பகுதியின் எல்லையை நகர்த்திவிட்டு, எல்லைக்கு வெளியே போய்விட்ட இடத்தை அதன் பிறகும் படிக்கும் நிரலை உருவாக்கின. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் அவசர அழைப்பு) நுழைந்தால் அங்கிருந்த தரவு அழிந்துபோகும். எப்போதாவதுதான் நடக்கும், ஆளுக்குப் பிடிபடாது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் வந்த விநோதப் பிழைகளைத் துரத்திக்கொண்டு போய்த்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். 2021 ஜனவரியில் ஆர்ம் 64-க்கு மட்டும் வரம்பு 5.1 ஆனது, அதே ஆண்டு கெர்னல் 5.15-இல் எல்லாச் செயலிகளுக்கும். அதனால்தான் 2022-இல் 5.18 கெர்னல், 1989-ஆம் ஆண்டு சி மொழித் தரத்தை விட்டு 2011-ஆம் ஆண்டுத் தரத்துக்கு மாற முடிந்தது. ஃபார் லூப் என்னும் சுழற்சிக் கட்டளைக்குள்ளேயே மாறியை அறிவிக்க (பழைய தரத்தில் அது முடியாது) அத்தனை வருடக் காத்திருப்பு!

கம்பைலருக்குத் தமிழில் ‘தொகுப்பி’ என்றும் ‘நிரல்பெயர்ப்பி’ என்றும் சொல்கிறார்கள். லத்தீன் ‘கம்பிலாரே’வுக்குக் கொள்ளையடிப்பது என்று பொருள், பிறர் எழுத்தை அள்ளித் திரட்டுவதற்கும் அதையே சொன்னார்கள். 1950-களின் தொடக்கத்தில் கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஏ-0 என்னும் கம்பைலர், டேப்பில் கிடந்த துணைநிரல்களை எடுத்துத் தொகுத்துத் தந்தது. அதற்குத் ‘தொகுப்பி’ கச்சிதம். இன்றைய ஜிசிசி செய்வதோ பெயர்ப்பு வேலை, எனவே என் ஓட்டு நிரல்பெயர்ப்பிக்கு. பேச்சில் நானும் கம்பைலர்தான்.

சப்போர்ட் ட்ராப்புக்கு வருவோம். கெர்னல் ஆவணத்தில் இருப்பது ஒவ்வொரு கருவிக்கும் வேண்டிய குறைந்தபட்சப் பதிப்பின் பட்டியல், அவ்வளவுதான். ஆக, நடப்பது ‘கீழ்வரம்பை உயர்த்துவது’. ஆதரவு வாபஸ் ஆனால் ஆட்சி கவிழும். இங்கே ஒன்றும் கவிழாது. 5.15 கெர்னலை ஜிசிசி 5.1 வைத்து இன்றும் கட்டலாம். ‘6.16 முதல் ஜிசிசியின் கீழ்வரம்பு 8.1, அதற்கு முந்தையவற்றைக் கெர்னல் தாங்காது’ என்று எழுதிப் பாருங்கள். வெயில் தாங்காது என்கிற அந்தத் ‘தாங்காது’வும் கூடவே ஒலிக்கும், இருக்கட்டும், அதிலும் தப்பில்லை.