சூயஸ் போரை நிறுத்திய பவுண்டு

போர்ச் செலவு என்றதும் குண்டு, கப்பல், சிப்பாய்ச் சம்பளம் என்றுதான் கணக்குப் போடுவோம். 1956இல் பிரிட்டனைச் சூயஸிலிருந்து திரும்ப வைத்த செலவு இந்தப் பட்டியலிலேயே இல்லை. அது லண்டனில், பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் டாலர் கையிருப்பில் இருந்தது.

அந்த ஜூலை 19 அன்று, எகிப்து நைல் நதியில் கட்டவிருந்த அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை அமெரிக்கா இல்லையென்று சொல்லிவிட்டது. ஒரே வாரத்தில் எகிப்து அதிபர் நாசர், சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமை ஆக்கினார். கப்பல்கள் செலுத்தும் சுங்கத்தில் அணையைக் கட்டிக்கொள்வதாகத் திட்டம். கம்பெனியில் பிரிட்டன் அரசுக்கு ஏறக்குறைய 44 சதவீதப் பங்கு இருந்தது. 1875இல் கடனில் தத்தளித்த எகிப்து ஆட்சியாளரிடம் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

ஆனால் லண்டனின் உண்மையான கவலை பங்கு அல்ல, எண்ணெய். மேற்கு ஐரோப்பாவுக்கு வந்த எண்ணெயில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கால்வாய் வழியாகத்தான் வந்தது. குவைத் எண்ணெயைப் பவுண்டு கொடுத்து வாங்கலாம். கால்வாய் அடைபட்டால் அமெரிக்கக் கண்டத்து எண்ணெயை டாலர் கொடுத்து வாங்க வேண்டும். டாலர்தான் கையில் இல்லை.

இங்கே பவுண்டு எப்படி ஓடியது என்று பார்த்துவிடலாம். அன்று ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர் என்று விலை கட்டிவைத்திருந்தார்கள். சந்தையில் அது 2.78க்குக் கீழே இறங்கக் கூடாது. யாராவது பவுண்டை விற்க வந்தால், பேங்க் ஆஃப் இங்கிலாந்து டாலர் கொடுத்து வாங்கி விலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். விற்பவர்கள் கூடக் கூடக் கையிருப்பு கரையும். இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகள் தங்கள் சேமிப்பைப் பவுண்டாகவே லண்டனில் வைத்திருந்தன. 1949இல் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து ஒரே வெட்டில் 2.80க்கு இறக்கியதில் இவர்கள் ஏற்கெனவே சூடுபட்டவர்கள். இன்னொரு முறை நடந்தால் யார் லண்டனில் பணம் வைப்பார்கள்?

பவுண்டை ஆட்டம் காண வைக்க எதிரி நாடு எதுவும் தேவையில்லை. பவுண்டு விழப்போகிறது என்று நினைக்கும் வியாபாரி, தான் டாலரில் தர வேண்டிய பாக்கியை இன்றே தருவார். தனக்குப் பவுண்டு தர வேண்டியவர், விலை இறங்கட்டும் என்று இழுத்தடிப்பார். ஆயிரக்கணக்கானவர்கள் இப்படிச் சில வாரம் அவசரமும் தாமதமும் காட்டினாலே போதும்.

பாரிஸ் அருகே செவ்ரில் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் ரகசிய ஒப்பந்தம் போட்ட ஐந்தாம் நாள், அக்டோபர் 29 அன்று, இஸ்ரேல் எகிப்தின் சினாய் தீபகற்பத்தில் நுழைந்தது. சண்டையை விலக்கிவிட வருவதாகச் சொல்லி மற்ற இரண்டும் வந்தன. எகிப்து கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்தது. சிரியாவில் எண்ணெய்க் குழாய்களின் இறைப்பு நிலையங்கள் வெடித்தன. கால்வாயைத் திறந்துவைக்கப் போன படை, அதை மூட வைத்தது! இனி டாலர் எண்ணெய்தான்.

பிரான்ஸ் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. அக்டோபரிலேயே சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்பிடம் 26.25 கோடி டாலருக்கு ஏற்பாடு செய்துவைத்திருந்தது. பிரிட்டன் அப்படி எதுவும் செய்யவில்லை. அமெரிக்கா கைகொடுக்கும் என்ற நினைப்பு. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கோ தேர்தல் நாள் நவம்பர் 6. தன்னிடம் சொல்லாமல் தொடங்கிய போர் என்ற கோபம் வேறு. அவருடைய நிதித்துறைச் செயலர் ஜார்ஜ் ஹம்ஃப்ரி, சண்டை நிற்கும்வரை ஐ.எம்.எஃப் பணத்துக்கு ஆதரவு கிடையாது என்றார்.

அந்த நவம்பர் 6 அன்றே பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஹரோல்ட் மாக்மில்லன், ஒரே வாரத்தில் 10 கோடி பவுண்டு போய்விட்டதாக மந்திரிசபையில் சொன்னார். உண்மை இழப்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான். பதற்றமா, தந்திரமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. போருக்கு முதலில் தலையாட்டியவர் அவர். முதலில் பின்வாங்கியவரும் அவரே. சோவியத் மிரட்டலும் ஐ.நா. நெருக்கடியும் இருந்தன, சரி. ஆனாலும் காசு தீர்ந்துபோகும் பயம் இல்லாவிட்டால், பாராசூட் படை இறங்கிய மறுநாளே சண்டையை நிறுத்தியிருப்பார்களா என்பது சந்தேகம்.

அதோடு விடவில்லை அமெரிக்கா. படை வெளியேறினால்தான் பணம் என்றது. நவம்பரில் மட்டும் கையிருப்பு 27.9 கோடி டாலர் குறைந்து, அபாயக் கோடு என்று லண்டனே வைத்திருந்த 200 கோடிக்குக் கீழே போனது. டிசம்பர் 3 அன்று பிரிட்டன் வெளியேற்றத்தை அறிவித்தது. ஒரே வாரத்தில் ஐ.எம்.எஃப் கதவைத் திறந்தது. கையில் 56.1 கோடி டாலர், தேவைப்பட்டால் இன்னும் 73.9 கோடி. அப்புறமும் பிரிட்டனில் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பெட்ரோலுக்குக் கூப்பன்தான்.

பிரதமர் ஈடன் ஜனவரியில் விலகினார். அந்த நாற்காலியில் மாக்மில்லன் உட்கார்ந்தார். ஏப்ரலில் கால்வாய் திறந்தது, சுங்கத்தை எகிப்தே வசூலித்தது. பழைய கம்பெனியின் பங்குதாரர்களுக்கு 1958இல் பேச்சுவார்த்தையில் நஷ்டஈடு முடிவானது: 2.83 கோடி எகிப்தியப் பவுண்டு.