என்.எஸ்.எஸ்.ஸில் பெயர் கொடுக்கும் முன்: நெல்லைக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களிலேயே வகுப்புக்கு ஒரு தாள் வரும். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி. (இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம்) என்று வரிசையாக இருக்கும். ஏதாவது ஒன்றில் பெயர் எழுத வேண்டும். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் எழுதியதையே எழுதிவிட்டுத் தாளை நகர்த்துகிறவர்கள்தான் அதிகம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலை, அறிவியல் கல்லூரிகளின் இளநிலைப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் பகுதி என்பது இந்த விரிவாக்கப் பணிதான். தமிழும் ஆங்கிலமும் போல இதுவும் பட்டத்துக்குள் அடங்கியது. அதனால் பெயர் எழுதும் முன் எதற்கு எழுதுகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. விதிகளும் சந்தேகங்களும் அதிகம் இருப்பது என்.எஸ்.எஸ்.ஸில் என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம்.

என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஒன்றிய அரசின் இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகம் நடத்துகிறது. முன்பு மாநில அரசும் செலவில் பங்கு போட்டது. 2016 முதல் முழுச் செலவும் ஒன்றிய அரசுடையது. கல்லூரியில் 100 மாணவர்களுக்கு ஒரு யூனிட், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பேராசிரியர் திட்ட அலுவலர். சில கல்லூரிகளில் சுயநிதி யூனிட்டுகளும் உண்டு. அவற்றின் செலவைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும். பொறியியல், மருத்துவம், சட்டம் படிப்பவர்களுக்கு அவரவர் பல்கலைக்கழகத்தின் கீழ் தனி ஏற்பாடு. அடிப்படை விதிகள் ஒன்றுதான். என்.சி.சி.யில் இருப்பவர் என்.எஸ்.எஸ்.ஸிலும் சேர முடியாது.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி. அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம். இரண்டையும் முடித்தால்தான் பல்கலைக்கழகச் சான்றிதழ். முகாமுக்கு மட்டும் போய்விட்டு மணிக்கணக்கை விட்டவர்களும் உண்டு, மணிக்கணக்கை முடித்துவிட்டு முகாமுக்கு வீட்டில் அனுப்பாமல் போனவர்களும் உண்டு. கடைசி ஆண்டில் இரண்டு தரப்பும் திட்ட அலுவலர் அறை வாசலில் நிற்கும்.

அந்த 120 மணி நேரத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பல மாணவர்களுக்கு அது சொல்லப்படுவதே இல்லை. 20 மணி நேரம் அறிமுகத்துக்கும் பயிற்சிக்கும். கல்லூரி வளாகத்துக்குள் செய்யும் வேலை, அதாவது மைதானம் சுத்தம் செய்வது, மரம் நடுவது போன்றவை, 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மீதி நேரம் வெளியே, தத்தெடுத்த கிராமத்திலோ குடிசைப் பகுதியிலோ செலவாக வேண்டும். ஆகவே ஆண்டு முழுக்க உங்களைக் கல்லூரி விழாவுக்கு நாற்காலி போடவும் விருந்தினருக்குத் தண்ணீர் கொடுக்கவும் மட்டும் கூப்பிடுகிறார்கள் என்றால், திட்டம் கேட்கிற சேவை நடக்கவில்லை என்று பொருள். சண்டை போட வேண்டாம். ‘சார், ஊருக்கு எப்போ போறோம்?’ என்று கேட்டாலே போதும், பல இடங்களில் வேலை நகரும்.

ஒவ்வொருவரும் பணிக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்க வேண்டும். தேதி, இடம், செய்த வேலை, மணி நேரம் நான்கையும் அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பொறுப்பில் இருக்கும் பேராசிரியர் மாறுவது சாதாரணம். புதிதாக வருபவருக்கு உங்கள் முகம் தெரியாது, நோட்டுதான் பேசும். இப்போது ‘மை பாரத்’ இணையதளத்திலும் பதிவு செய்யச் சொல்கிறார்கள். 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கிய அந்த அமைப்பு 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கானது. கல்லூரியில் இல்லாதவர்களும் சேரலாம்.

இனி முகாம். ஊராட்சிப் பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ தங்கல். காலையில் உடல் உழைப்பு, பிற்பகலில் கருத்துரை, மாலையில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, இரவில் கலைநிகழ்ச்சி. இது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரே அச்சு. முகாமுக்கு அரசு மானியம் வருகிறது, சாப்பாடு அதற்குள் வரும். மாணவியர் போகும் முகாமில் பெண் பேராசிரியர் உடன் தங்குகிறாரா என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கேட்பதில் தவறில்லை.

நெல்லைப் பக்கம் முகாம் என்றால் பெரும்பாலும் வாய்க்காலில் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) அகற்றுவது, குளத்துக் கரையில் உடை முள்மரம் வெட்டுவது, கோயில் தெருவில் பிளாஸ்டிக் பொறுக்குவது என்று போகும். வேண்டாத வேலை என்று சொல்ல மாட்டேன். பாளையங்கால்வாயைப் பார்த்தவர்களுக்கும், பாபநாசம் படித்துறையில் பக்தர்கள் ஆற்றோடு விட்டுப்போகும் துணிமூட்டையைப் பார்த்தவர்களுக்கும் அதன் தேவை தெரியும். ஆனால் அமலை அடுத்த வெள்ளத்துக்குத் திரும்பி வரும், சாக்கடை கலப்பது நிற்காதவரை வந்துகொண்டே இருக்கும். ஏழு நாளில் ஐம்பது பேர் வேறென்ன செய்ய முடியும் என்று பார்த்தால், எனக்கு அந்த மாலை நேரக் கணக்கெடுப்புதான் முகாமின் உயிர் என்று படுகிறது. அதைத்தான் பலர் வெறும் படிவமாக நிரப்பி மூட்டை கட்டி வைக்கிறார்கள்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் இருப்பார்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் அவர்களின் பிள்ளைகள் ஒன்றிய அரசின் தொழிலாளர் நல அமைப்பு வழியாகக் கல்வி உதவித்தொகை பெறலாம். விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில். அட்டை இருந்தும் விண்ணப்பிக்காத வீடு எது, அட்டையே இல்லாத வீடு எது என்று ஒரு தெருவைப் பட்டியல் எடுத்தால் அந்தத் தெருவுக்கு அது எத்தனையோ சுவர் வாசகங்களைவிடப் பயன்படும். முதியோர் உதவித்தொகையும் அப்படித்தான். 2023-ல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தகுதி இருந்தும் கிடைக்காமல் ஒரு பாட்டி இருந்தால், எந்தத் தாளில் சிக்கல் என்று கண்டுபிடிக்கக் கையில் ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் போதும். இ-சேவை மையத்தில் முடியாதது கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகப் போகும். மனுவை எழுதிக்கொடுப்பதோடு நிறுத்தாமல், ரசீது எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து விசாரிப்பதும் சேவை மணி நேரம்தான். அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

சான்றிதழால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். சம்பளம் கிடையாது. அதைக் காட்டியதும் வேலை கொடுத்துவிட மாட்டார்கள். கல்வி நிறுவனங்களோ வேலை தரும் நிறுவனங்களோ சேர்க்கையில் அதற்கு எடை கொடுத்தால் அது அவரவர் விதி. அந்தந்த அறிவிப்பைப் படிக்க வேண்டும். ஆனால் நன்றாகச் செய்கிறவர்களுக்குக் கதவுகள் உண்டு. டெல்லி குடியரசு நாள் அணிவகுப்பு முகாமுக்கு நாடு முழுவதிலிருந்தும் 200 பேர் தேர்வாகிறார்கள். வெளிமாநில மாணவர்களோடு தங்கும் தேசிய ஒருமைப்பாட்டு முகாமும், மலையேற்றம் கற்றுத்தரும் சாகச முகாமும் இருக்கின்றன. 1993-94 முதல் தேசிய விருதும் உண்டு. இந்த அறிவிப்புகள் திட்ட அலுவலர் வழியாகத்தான் வரும் என்பதால், அவர் கண்ணில் படும்படி இருந்துகொள்ளுங்கள்.

ஒய்.ஆர்.சி.யும், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கமும் (ரெட் ரிப்பன் கிளப்) சிறியவை, இரண்டும் ரத்ததானத்திலும் ஈடுபடுபவை. 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு நேரே போயும் கொடுக்கலாம். ரத்ததான முகாம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கல்லூரி ஏற்பாடே இல்லாமல் சேரக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது. முதலில் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி, அப்புறம் குழுவாகப் பிரிந்து நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்குப் போவது. அந்த நேரத்தில்தான் வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டிக் கூந்தன்குளம் பக்கம் வந்திருக்கும். விலங்கியல் படிக்க வேண்டும் என்றில்லை. அதிகாலையில் எழுந்திருக்கத் தெரிந்தால் சரி, நம்மில் பலருக்கு அதுதான் கஷ்டம்.

முகாம் நடப்பது வேறொருவர் ஊரில். உங்கள் சொந்த ஊரில் எந்தத் திட்டத்தின் அனுமதியும் இல்லாமல் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது: கிராம சபை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகைக் கணக்கும் உண்டு: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் கையெழுத்தால் அந்த எண்ணிக்கை நிரம்புகிறது. வரவு செலவு வாசிக்கப்படும்போது கேள்வி கேட்க ஆள் இருப்பதில்லை. பட்டம் படிக்கிற பிள்ளை ஒன்று எழுந்து, ‘போன கூட்டத்துத் தீர்மானம் என்னாச்சு?’ என்று கேட்டால் கூட்டத்தின் போக்கு கொஞ்சம் மாறும். மாமாவும் சித்தப்பாவும் முறைப்பார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வார்டுகளில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை.

இதற்கெல்லாம் முதலில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளில் எதில் 18 நிறைந்தாலும் சேரலாம். 17 முடிந்ததுமே முன்கூட்டிப் படிவம் 6 கொடுத்து வைக்கலாம். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறவர் விடுதி முகவரியிலோ வீட்டு முகவரியிலோ பெயர் சேர்க்கலாம், ஏதாவது ஒரே இடத்தில். ஊர்க் கிராம சபையில் உட்கார வேண்டும் என்றால் வீட்டு முகவரியைக் கொடுங்கள்.